படபடப்புக்குப் பின் சிறுநீர்: இதயமே சுரக்கும் ஒரு ஹார்மோன்

நெஞ்சுப் படபடப்பு வருகிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "அந்த நேரத்தில் சிறுநீர் நிறையப் போகிறதா?" என்பதுதான். கேட்டதும் சிலர் கூச்சப்படுவார்கள். இருந்தாலும் விட மாட்டேன். என்னிடம் இந்தக் கேள்வியை யாராவது முன்பே கேட்டிருந்தால் பல வருட அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

எனக்கு வந்த படபடப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்குகிற வகை இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பேன், அல்லது கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்து நிமிர்ந்திருப்பேன். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் வேகம் மாறிவிடும். நாடியைப் பிடித்து எண்ணினால் நிமிடத்துக்கு 180-ஐத் தாண்டும். நெஞ்சைவிடக் கழுத்தில்தான் அதிகம் தெரியும். தொண்டைக்குழிக்கு இரண்டு பக்கமும் தோல் தூக்கித் தூக்கிப் போடுவதைக் கண்ணாடியில் பார்க்கலாம். கொஞ்ச நேரம் கழித்து, வந்த வேகத்திலேயே சட்டென்று நின்றுவிடும்.

படபடப்பு அரை மணியைத் தொட்டால் அடிவயிறு முட்டத் தொடங்கும். போனால் நிறமே இல்லாமல், தெளிவாக, நிறையப் போகும். வந்து உட்கார்ந்தால் மறுபடி முட்டும். படபடப்பு நின்ற பிறகும் இது கொஞ்ச நேரம் தொடரும். இத்தனைக்கும் அன்று தண்ணீர் அதிகம் குடித்திருக்கவே மாட்டேன். எல்லாம் அடங்கிய பின் உடம்பு ஓய்ந்துபோய், எழுந்து நின்றால் கண் இருட்டும், நாக்கு வறண்டிருக்கும்.

படபடப்பை ஒரு டாக்டரிடம் சொன்னேன், சிறுநீரை இன்னொரு டாக்டரிடம் சொன்னேன். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்வோம். உறுப்பு வாரியாகப் பிரித்துச் சொல்லிப் பழகிவிட்டோம். முதலாமவர் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். நான் போய்ச் சேர்வதற்குள் படபடப்பு நின்றிருந்ததால் அது சுத்தமாக நார்மலாக இருந்தது. "டென்ஷன்தான், வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார். இரண்டாமவர் சர்க்கரை பார்த்தார், சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார், வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எல்லாமே நார்மல். நார்மல் என்ற சொல் எவ்வளவு சோர்வைக் கொடுக்கும் என்பது அறிகுறியோடு வாழ்கிறவர்களுக்குத் தெரியும்.

கடைசியில் இதயத் துடிப்புக் கோளாறுகளை மட்டும் பார்க்கும் ஒரு டாக்டரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் நான் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, "கழுத்தில் துடிக்குமா?" என்றார். ஆமாம் என்றேன். "யூரின்?" என்றார். எனக்கு ஒரு நொடி புரியவில்லை. "படபடப்பு வரும் அன்றைக்கு யூரின் நிறையப் போகுமா?" என்று விளக்கமாகக் கேட்டார். போகும் டாக்டர், ஆனால் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு நான்கு கட்டம் வரைந்தார். மேலே இரண்டு, கீழே இரண்டு.

"மேலறை சுருங்கி ரத்தத்தைக் கீழறைக்கு அனுப்பும், அப்புறம் கீழறை சுருங்கி வெளியே அனுப்பும். இதுதான் முறை. உங்களுக்கு வருவது நான் நினைக்கிற கோளாறாக (ஏவிஎன்ஆர்டி, அதாவது இதயத்தின் மின்சாரம் தப்பான ஒரு சிறு பாதையில் சுற்றிச் சுற்றி வருவது) இருந்தால், மேலறையும் கீழறையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சுருங்கும். கீழறை சுருங்கும்போது நடுவில் இருக்கும் வால்வு மூடிவிடும். மூடின கதவை முட்டுகிற மாதிரி மேலறை அதை எதிர்த்துச் சுருங்குகிறது. ரத்தம் போக வழியில்லாமல் கழுத்து ரத்தக் குழாய்ப் பக்கம் திரும்புகிறது. அதுதான் உங்கள் கழுத்தில் தெரிவது. மேலறைச் சுவர் விரிந்து இழுபடுகிறது. இழுபட்டால் அங்கிருந்து ஒரு ஹார்மோன் வரும். அது சிறுநீரகத்துக்குப் போய் உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளச் சொல்லும்."

இதயம் ஹார்மோன் சுரக்கும் என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். தைராய்டு, கணையம், அட்ரினல் என்று படித்த பட்டியலில் இதயம் இருந்ததே இல்லை. வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன். அந்தக் கதை எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

1956-இல் புரூனோ கிஷ் என்ற ஆய்வாளர் இதய மேலறைச் செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, உள்ளே சின்னச் சின்னத் துகள்கள் அடர்த்தியாக இருப்பதைக் கண்டார். கீழறைச் செல்களில் அவை இல்லை. 1964-இல் ஜேமிசன், பாலாடே இருவரும் அவற்றை விரிவாக விவரித்தார்கள். ஹார்மோன் சுரக்கும் செல்களில் இருக்கும் துகள்களைப் போலவே இருந்தன. தசையில் இவற்றுக்கு என்ன வேலை என்றுதான் புரியாமல் இருந்தது. அந்த 1956-லேயே கௌவர், ஹென்ரி ஆகியோரின் குழு நாய்களின் இடது மேலறைக்குள் சிறு பலூனை ஊதி விரித்துப் பார்த்தது. சிறுநீர் அதிகமானது. அப்போதும் இரண்டு முனைகளும் சேரவில்லை.

சேர்த்துவைத்தவர் அடால்ஃபோ டி போல்ட். கனடாவில் கிங்ஸ்டன் நகரத்துக் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 1981-இல் அவரும் கூட்டாளிகளும் எலிகளின் மேலறைத் தசையை அரைத்து, அந்தச் சாற்றை வேறு எலிகளுக்கு ரத்தத்தில் செலுத்தினார்கள். சோடியம் வெளியேறுவது 30 மடங்குக்கு மேல் கூடியது. சிறுநீரின் அளவு 10 மடங்கு ஆனது. ரத்த அழுத்தமும் இறங்கியது. கீழறைத் தசையின் சாற்றை அதேபோலச் செலுத்தியபோது எதுவும் நடக்கவில்லை. இதயம் வெறும் பம்பு என்ற எண்ணம் அத்தோடு முடிந்தது.

அதன் பிறகு பல ஆய்வகங்கள் ஒரே நேரத்தில் இதைப் பிரித்தெடுக்கப் போட்டி போட்டன. ஒருவர் கார்டியோநாட்ரின் என்றார், ஒருவர் அட்ரியோபெப்டின் என்றார், இன்னொருவர் ஆரிகுலின் என்றார். பழைய புத்தகங்களிலும் அகராதிகளிலும் இந்த அரிய பெயர்கள் கண்ணில் பட்டால் குழம்ப வேண்டாம், எல்லாம் ஒரே பொருள்தான். இப்போது டாக்டர்கள் ஏஎன்பி (ஏட்ரியல் நாட்ரியூரெட்டிக் பெப்டைடு, மேலறையிலிருந்து வந்து உப்பை வெளியேற்றுவது) என்கிறார்கள். மனித ஏஎன்பியை 1984-இல் ஜப்பானில் கங்காவா, மட்சுவோ இருவரும் பிரித்தெடுத்தார்கள். 28 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னச் சங்கிலி. 1988-இல் அதே குழு பன்றியின் மூளையில் இதன் உறவுக்கார ஹார்மோன் ஒன்றைக் கண்டது. மூளையில் (பிரெய்ன்) கிடைத்ததால் பிஎன்பி என்று பெயர் வைத்தார்கள். அது பெரும்பாலும் இதயக் கீழறையில்தான் சுரக்கிறது என்பது பிறகு தெரிந்தது.

இந்த ஏஎன்பி செய்கிற வேலையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய முடிச்சுகள் இருக்கின்றன. முடிச்சுக்குள் ரத்தம் வரும் குழாயை இது விரிக்கிறது, வெளியேறும் குழாயைச் சற்று இறுக்குகிறது. அதனால் வடிகட்டல் கூடுகிறது. வடிந்ததில் இருக்கும் சோடியத்தை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்வதைக் கடைசிக் குழாய்களில் தடுக்கிறது. சோடியம் போனால் தண்ணீரும் கூடப் போகும். இன்னொரு பக்கம், அழுத்தத்தை ஏற்றும் ரெனின், ஆல்டோஸ்டிரோன் இரண்டின் சுரப்பையும் அடக்குகிறது. ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. குழாய்க்குள் இருக்கும் திரவத்தில் கொஞ்சம் திசுக்களுக்குள் கசியவும் விடுகிறது. இவை எல்லாமே ஒரே திசையில்தான் போகின்றன: குழாய்க்குள் ரத்தம் அதிகமாகி மேலறை வீங்குகிறது, ஆகவே சுமையைக் குறை. ரத்தத்தில் இது நிலைத்து நிற்பதும் இல்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் பாதி அழிந்துவிடும்.

என் விஷயத்தில் சுமை கூடவே இல்லை. துடிப்பின் ஒழுங்கு கெட்டதால் மேலறை இழுபட்டது. ஹார்மோனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. உடம்பில் தண்ணீர் அதிகம் என்று நம்பி, தேவையான உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றிவிடுகிறது. நிறமில்லாமல் போவதற்கு, உடம்பில் தண்ணீரைத் தக்கவைக்கும் வாசோப்ரெசின் என்ற இன்னொரு ஹார்மோன் அந்த நேரத்தில் குறைவதும் ஒரு காரணம். ஓய்ச்சலும் கண் இருட்டலும் எங்கிருந்து வந்தன என்பது அப்போதுதான் விளங்கியது. வேகத்தில் இதயம் சரியாக நிரம்பாமல் ஏற்கெனவே அழுத்தம் இறங்கியிருக்கும், அதன் மேல் இதுவும் சேர்கிறது.

பால் வுட் என்ற இங்கிலாந்து இதய மருத்துவர், திடீர்ப் படபடப்பு வரும் நோயாளிகளுக்குச் சிறுநீர் பெருகுவதைப் பற்றி எழுதிய கட்டுரை 1963-லேயே வெளியாகியிருக்கிறது. ஹார்மோன் கண்டுபிடிக்கப்பட 18 வருடம் முன்பு! நோயாளிகள் சொன்னதை உட்கார்ந்து கேட்டதால் கிடைத்த கவனிப்பு அது. எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

சரி, இதனால் எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். டாக்டர் சொன்ன முதல் வேலை, படபடப்பு இருக்கும்போதே ஈசிஜி பதிவாக வேண்டும் என்பது. சந்தேகம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் கையில் பதிவு இல்லாமல் அடுத்த படிக்குப் போவது கடினம். ஒரு நாள் மட்டும் உடம்பில் மாட்டித் தொடர்ந்து ஈசிஜி பதிக்கும் ஹோல்டர் கருவி எனக்கு உதவவில்லை, அன்று எதுவும் வரவில்லை. எப்போதாவது வருகிறவர்களுக்கு, விரல் வைத்தால் பதிவாகும் சின்ன ஈசிஜி கருவி அல்லது அந்த வசதி உள்ள கைக்கடிகாரம் நல்லது. ஓடித் தேடும் நேரத்தில் நின்றுவிடும் என்பதால் அதைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கருவி இல்லாவிட்டால், பக்கத்தில் எந்த மருத்துவமனை இருக்கிறதோ அங்கே போய், வேறெதற்கும் முன் "இப்போது படபடக்கிறது, உடனே ஈசிஜி எடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். எனக்கு அப்படித்தான் பிடிபட்டது.

பதிவான அன்று அவசர சிகிச்சைப் பிரிவில், துடிப்பைச் சீராக்கும் அடினோசின் ஊசி போட்டார்கள். போடுவதற்கு முன் அந்த நர்ஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "சில விநாடி ரொம்ப மோசமாக இருக்கும், ஆனால் போய்விடும், பயப்படாதீங்க" என்றார். அதைச் சொன்னதற்கு அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். நெஞ்சு இறுகி, முகம் சூடேறி, உயிர் போகிற மாதிரி ஒரு நினைப்பு வந்தது. பத்து விநாடிக்குள் எல்லாம் தெளிந்து, திரையில் துடிப்பு சீரானது. அந்த மருந்து ரத்தத்தில் சில விநாடிகள்தான் இருக்கும். யாருக்காவது அதைப் போடப் போகிறார்கள் என்றால் இந்த உணர்வு வரும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வீட்டில் செய்ய டாக்டர் ஒரு முறை கற்றுக்கொடுத்தார். சாய்ந்து உட்கார்ந்து, மூச்சை அடக்கி 15 விநாடி முக்க வேண்டும். முடித்த உடனே மல்லாந்து படுத்து, இன்னொருவர் கால்களை 45 பாகை தூக்கிப் பிடிக்க, இன்னொரு 15 விநாடி. இங்கிலாந்தில் நடந்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. வெறுமனே முக்கினால் 17 சதவீதம் பேருக்குத்தான் துடிப்பு சீரானது, இப்படிப் படுத்துக் கால் தூக்கியபோது 43 சதவீதம் பேருக்குச் சீரானது. மருந்தில்லாத ஒரு வழிக்கு இது பெரிய வித்தியாசம். ஆனால் உங்கள் கோளாறு என்னவென்று தெரிந்த டாக்டர் சரி என்று சொன்ன பிறகே செய்யுங்கள். கழுத்தில் துடிக்கும் ரத்தக் குழாயை அமுக்குவது மட்டும் வீட்டில் வேண்டவே வேண்டாம். நெஞ்சு வலி, மயக்கம், மூச்சு வாங்கல் இவற்றில் ஒன்று கூட வந்தாலும் முறைகள் எதையும் முயன்று பார்க்காமல் நேரே மருத்துவமனைக்குத்தான்.

சிறுநீர் பற்றிச் சில விஷயங்கள். அந்த நேரத்தில் கழிப்பறையில் நின்றுகொண்டு போகாதீர்கள், ஆண்களும் உட்கார்ந்தே போங்கள். அழுத்தம் இறங்கியிருக்கும்போது சிறுநீர் கழிக்கையில் மயங்கி விழுவது உண்மையிலேயே நடக்கிறது. கதவைத் தாழ் போடாமல் வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். எல்லாம் அடங்கியதும் தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் அதிகம் போகிறதே என்று தண்ணீரைக் குறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தலைகீழான வைத்தியம். (இதயச் செயலிழப்புக்காகத் தண்ணீர் அளவு கட்டப்பட்டவர்கள் இதில் சேர மாட்டார்கள், அவர்கள் டாக்டர் சொன்ன அளவில்தான் நிற்க வேண்டும்.) இன்னொன்று: சிறுநீர் பெருகவில்லை என்பதால் இந்தக் கோளாறு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. எல்லோருக்கும் வருவதில்லை. வந்தால் அது ஒரு நல்ல தடயம், அவ்வளவுதான்.

எனக்குக் கத்தீட்டர் அப்ளேஷன் செய்தார்கள். தொடை ரத்தக் குழாய் வழியாக மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, தப்பான பாதை இருக்கும் சின்ன இடத்தைச் சூடு வைத்து அடைப்பது. என்னுடைய வகைக்கு 95 சதவீதத்துக்கு மேல் வெற்றி. இயல்பான மின்பாதையும் சேதமாகி பேஸ்மேக்கர் வைக்க நேரும் ஆபத்து நூற்றில் ஒன்று அளவோ அதற்கும் குறைவோ என்று கையெழுத்து வாங்கும் முன் விளக்கினார்கள். பிறகு சில வாரம் அவ்வப்போது ஒரு துடிப்பு தவறி விழுவது போலிருந்தது. அது சகஜம் என்று முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. பழைய படபடப்பு அதற்குப் பின் வரவில்லை.

என் கதை இத்தோடு முடிந்தாலும் ஹார்மோன் என்னை விடவில்லை. அண்ணனுக்கு ராத்திரியில் நான்கைந்து தடவை சிறுநீர் கழிக்க எழும்பும் தொல்லை. வயதாகிவிட்டது, புராஸ்டேட்தான் என்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், குறையவில்லை. அண்ணி மட்டும், "இவர் குறட்டை விடும்போது நடுவில் மூச்சே நிற்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு இழுக்கப் போராடும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் கீழே இறங்கி, மேலறை இழுபடுகிறது. பிறகு நடப்பது எனக்கு நடந்ததேதான். தூக்கப் பரிசோதனையில் ஸ்லீப் ஏப்னியா (தூக்கத்தில் மூச்சுத் தடை) உறுதியானது. தொண்டை அடைபடாமல் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் கருவியை மாட்டித் தூங்கத் தொடங்கிய பிறகு எழும்புவது ஒன்றிரண்டாகக் குறைந்தது. இரவில் சிறுநீர், பலத்த குறட்டை, கட்டுப்படாத ரத்த அழுத்தம் மூன்றும் ஒருவரிடம் இருந்தால் தூக்கத்தைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சித்தப்பாவுக்கு இதயச் செயலிழப்பு. அவர் வீட்டில் பேச்செல்லாம் என்டி-ப்ரோபிஎன்பி எண்ணைப் பற்றித்தான். பிஎன்பி உருவாகும்போது உடைந்து விழும் மிச்சத் துண்டு அது. ரத்தத்தில் கூடுதல் நேரம் இருப்பதால் அளக்க வசதி. மூச்சு வாங்கலோடு அவசரமாக வருகிறவருக்கு இது 300-க்குக் கீழே இருந்தால் காரணம் இதயச் செயலிழப்பாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மெதுவாக வரும் தொல்லைக்கு 125 என்ற எல்லையை வைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் வயது கூடினால் எண் கூடும், சிறுநீரகம் பழுதானால் கூடும், மேலறை நடுக்கம் இருந்தால் கூடும். உடல் பருமன் இருந்தால் குறைத்துக் காட்டும். அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை. அவரவர் எண் நல்ல நிலையில் இருந்தபோது எவ்வளவு என்று தெரிந்து வைத்திருந்தால்தான் கூடும்போது பொருள் புரியும்.

உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றும் ஹார்மோன் இவ்வளவு இருந்தும் காலில் ஏன் நீர் கோத்துக்கொள்கிறது என்று சித்தப்பா கேட்டார். நல்ல கேள்வி. அவரைப் போன்றவர்கள் உடம்பில் ரெனின், ஆல்டோஸ்டிரோன், அட்ரினலின் எல்லாம் எதிர்த் திசையில் இன்னும் பலமாக இழுக்கின்றன. சிறுநீரகமும் நாளாக ஆக இதன் பேச்சைக் கேட்பதைக் குறைத்துக்கொள்கிறது. அதனால்தான் இப்போது இரண்டு பக்கமும் வேலை செய்யும் மருந்து தருகிறார்கள். நெப்ரிலைசின் என்ற நொதி இந்த ஹார்மோன்களை உடைக்கிறது. அந்த நொதியைத் தடுக்கும் சாக்குபிட்ரில், எதிர் அணியை அடக்கும் வால்சார்டன் இரண்டும் சேர்ந்த மாத்திரை 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முந்தைய வருடம் வந்த பெரிய ஆய்வில், பழைய மருந்தான எனலாப்ரிலோடு ஒப்பிட்டால் இதய நோயால் இறப்பது அல்லது இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது என்ற ஆபத்து இதில் 20 சதவீதம் குறைந்தது.

இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பிஎன்பி உடைவதை மாத்திரையே தடுப்பதால் பிஎன்பி அளவு கூடித் தெரியும், அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று பயப்படக் கூடாது. என்டி-ப்ரோபிஎன்பியை அந்த நொதி தொடுவதில்லை, ஆகவே அதைத்தான் பார்க்க வேண்டும். பரிசோதனைக்கு எழுதும்போதே எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற ஏசிஇ வகை மாத்திரைகளை இதோடு சேர்க்கவே கூடாது. முகமும் நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைக்கலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது 36 மணி நேரம் இடைவெளி வேண்டும். சித்தி இதைச் சிவப்பு மையில் எழுதி மருந்துக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். வேறு எந்த டாக்டரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும் கூட, அந்தக் கோப்பு அவர் கையோடு போகும்.